கிரால் ஸ்பேஸில் வெள்ளை ஷீட் பளபளத்தால் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் ராலே, கேரி பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு இந்த எச்சரிக்கை. வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் மூன்றடி உயரத்துக்கு ஓர் இடைவெளி இருக்குமே, தவழ்ந்துதான் உள்ளே போக முடியும், அந்தக் கிரால் ஸ்பேஸைப் பற்றியது.

கேரியில் ஒரு வீடு. 30 அடிக்கு 50 அடி, மொத்தம் 1,500 சதுர அடி. ஈரமும் பூஞ்சையும் வராதபடி மண்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, கீழே முழுக்க அடைத்துத் தருகிறோம் என்று மார்ச் மாதம் ஒரு நிறுவனம் 14,800 டாலர் வாங்கியது. ஒரே நாளில் வேலை முடிந்தது. ஜூலையில் உள்ளே இறங்கி அளந்து பார்த்தால் காற்றின் ஈரப்பதம் 79 சதவீதம். தரையைத் தாங்கும் மரச்சட்டங்களில் ஈரமானியின் ஊசியைக் குத்தினால் 21, 22, குளியலறைக்கு நேர் கீழே 24. ஷீட்டின் மேல் முழங்காலை ஊன்றினால் அடியில் தண்ணீர் தளும்புகிறது.

மரத்தில் ஈரம் 16 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. 20-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 28-ஐத் தொட்டுவிட்டால் மரமே அழுகத் தொடங்கும். 24 என்பது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்க் கோடைக் காற்றில் அவ்வளவு நீர் இருக்கிறது. 70 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் துளிர்த்துவிடும். கீழே ஓடும் ஏசி குழாய்க்குள் போகும் காற்றோ 55 டிகிரி. ஐஸ் போட்ட மோர் டம்ளர் வெளியே வேர்ப்பதுபோல அந்தக் குழாயும் அதைச் சுற்றியுள்ள மரமும் வேர்க்கும். சுவரில் வென்ட் வைத்துக் காற்றோட விட்டால் உலர்ந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. ராலேயில் இருக்கும் அட்வான்ஸ்டு எனர்ஜி அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் பிரின்ஸ்வில் என்ற ஊரில் 12 வீடுகளை வைத்து அளந்தபோது, வென்ட் திறந்திருந்த வீடுகளில்தான் கோடை ஈரம் கூடுதலாக இருந்தது. ஒழுங்காக அடைத்த வீடுகள் உலர்ந்திருந்தன, மின்செலவும் குறைந்தது. ஆகவே அடைப்பது சரியான யோசனைதான். அதை விற்கிற விதத்திலும் செய்கிற விதத்திலும்தான் ஏமாற்று நடக்கிறது.

முதல் தப்பு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் வெளியே போய்ப் பார்க்காதது. 1,500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 935 கேலன், கிட்டத்தட்ட 3,500 லிட்டர் இறங்குகிறது. இந்த வீட்டில் கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய்கள் நான்கு. அதில் இரண்டு சுவரடியிலேயே முடிகின்றன. அங்கே பூச்செடிக்காக மண்ணைக் கொட்டிக் கொட்டி மேடாக்கியதில், தரை வீட்டைப் பார்த்துச் சரிந்திருக்கிறது. சுவரிலிருந்து முதல் பத்தடிக்குள் தரை ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் தாழ வேண்டும் என்கிறது கட்டட விதி. குழாய்களைப் பத்தடி நீட்டி, இரண்டு வண்டி மண் அடித்திருந்தால் சில நூறு டாலரில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அதைச் செய்யாமல் ஷீட் விரித்தால் உள்ளே வந்த தண்ணீர் ஆவியாகவும் வழியில்லாமல் அடியிலேயே தேங்கும். இங்கே அதுதான் நடந்தது. வெளியே சரிசெய்த பிறகும் மழைக்கு மழை தண்ணீர் ஊறினால் மட்டும்தான் உட்பக்கம் சுற்றுக் கால்வாயும் குழியில் பம்பும் தேவை. விற்பனையாளர் முதல் வாயிலேயே பம்ப் பேசினால், வெளியே ஒரு சுற்று சுற்றி வந்தாரா என்று கேளுங்கள்.

அடுத்தது ஷீட். பட்டியலில் 20 மில் என்று எழுதியிருந்தது (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விரித்திருந்தது 6 மில். விதியின் குறைந்தபட்ச அளவு 6 மில்தான், ஆனால் காசு வாங்கியது 20-க்கு. தடிமனை விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. ஓரத்தில் விரலகலத் துண்டு வெட்டி வெர்னியரில் பிடித்தால் தெரிந்துவிடும்: 20 மில் என்றால் அரை மில்லிமீட்டர், 6 மில் என்றால் 0.15. மலிவு ஷீட்டில் உள்ளே நூல்வலை இருக்காது. ஏசி ரிப்பேர் செய்ய வருபவர் நான்கு முறை தவழ்ந்தால் போதும், கருங்கல் ஜல்லி குத்திக் கிழிந்துவிடும். இங்கே செங்கல் துண்டு, மரச்சீவல், பழைய ஆணி எதையும் பொறுக்காமல் அப்படியே மேலே விரித்திருக்கிறார்கள். மண்ணில் கிடக்கும் மரத்துண்டு கரையானுக்கு அழைப்பிதழ்.

ஒட்டும் டேப் கணக்கைப் பாருங்கள், இதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 12 அடி அகல ஷீட்டை ஓரடி மேல்படிய விரித்தால் 30 அடிக்கு மூன்று ஷீட், நடுவில் இரண்டு மூட்டு. ஒவ்வொன்றும் 50 அடி, ஆக 100. சுற்றுச்சுவர் ஓரம் 160 அடி. செங்கல் தூண்கள் 12, ஒவ்வொன்றின் சுற்றளவும் ஐந்தேகால் அடிக்கு மேல், ஆக 64. எல்லாம் சேர்த்து 324 அடி. 180 அடிச் சுருள் இரண்டு வேண்டும். இந்த வீட்டின் மூலையில் விட்டுப் போன அட்டைச் சுருள் ஒன்றே ஒன்று. அதிலும் கால்வாசி டேப் மிச்சம்! தூண்களைச் சுற்றி ஷீட்டைக் கத்தரியால் அரைவட்டமாக வெட்டி, ஒட்டாமலே விட்டிருந்தார்கள். மண்ணின் ஈரம் அந்த 12 வட்டங்கள் வழியே நேராக மேலே வருகிறது. ஒட்டிய இடத்திலும் தூசியைத் துடைக்காததால், நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் டேப் முழு நீளத்துக்கும் உரிந்து வருகிறது. மூட்டை முதலில் துணியால் துடைத்து, டேப்பை ஒட்டி, ரோலரால் அழுத்த வேண்டும். தூணிலும் சுவரிலும் டேப் மட்டும் நிற்காது. அங்கே பசை பூசி, சுவரில் பட்டை வைத்து ஆணி அடிக்க வேண்டும்.

சுவரில் ஷீட்டை எவ்வளவு உயரம் ஏற்றுவது என்பதிலும் கோட்டை விட்டார்கள். உச்சிவரை, மரம் தொடும் இடம்வரை ஏற்றி ஒட்டிவிட்டார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நார்த் கரோலினா விதிப்படி உச்சியில் மூன்று அங்குலம் சுவர் வெறுமையாகத் தெரிய வேண்டும். கரையான் மண்ணிலிருந்து சுவர் வழியே மண்குழாய் கட்டிக்கொண்டுதான் மரத்துக்கு ஏறும். அந்த மூன்று அங்குலத்தில்தான் பரிசோதகர் அதைப் பார்ப்பார். அது மறைந்ததால் இந்த வீட்டின் கரையான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது என்று பூச்சிமருந்து நிறுவனம் சொல்லிவிட்டது.

வென்ட்களில் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து மேலே ஷீட்டை ஒட்டியிருந்தார்கள். பஞ்சு காற்றைத் தடுக்காது. கெட்டியான ஃபோம் பலகையை அளவாக வெட்டி, நான்கு ஓரமும் ஃபோம் அடித்து மூட வேண்டும். சோதிப்பது எளிது. நல்ல வெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, டார்ச்சை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் காற்று வருகிற இடம். இங்கே எட்டு வென்ட்டில் ஐந்தில் தெரிந்தது.

ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது, அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது. அந்த கிரால் ஸ்பேஸுக்குள்ளேயே எரிவாயு ஹீட்டர் நிற்கிறது. பழைய மாதிரி, எரிவதற்கான காற்றைத் தன்னைச் சுற்றியுள்ள இடத்திலிருந்தே இழுப்பது. அப்படிப்பட்ட இடத்தை முழுக்க அடைத்தால் புகைபோக்கி வழியே போக வேண்டியது உள்ளே திரும்பி, கார்பன் மோனாக்சைடு மேலே வீட்டுக்குள் ஏறும். வெளியிலிருந்து காற்றை எடுத்து வெளியே விடும் இரட்டைக் குழாய் ஹீட்டராக மாற்றாமல் அடைக்கவே கூடாது. ஒப்பந்தத்தில் ஹீட்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் வீட்டில் கீழே எரிவாயுவில் ஓடும் எது இருந்தாலும், முதலில் உரிமம் உள்ள ஏசி மெக்கானிக் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தோம் என்றார்கள். டீஹியூமிடிஃபையர்தான், ஆனால் படுக்கையறையில் வைக்கும் 50 பைண்ட் பெட்டி. 1,000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 70 பைண்ட் என்பது அமெரிக்க மாதிரிக் கட்டட விதியில் (IRC) உள்ள கணக்கு. 1,500-க்கு 105 பைண்ட், அதாவது ஏறக்குறைய 50 லிட்டர். பாதிகூட இல்லை. அதன் வடிகுழாயைப் பின்தொடர்ந்து தவழ்ந்தால், அது மூன்றடி தள்ளி ஷீட்டின் கிழிசலுக்குள் நுழைந்து மண்ணில் முடிகிறது! காற்றிலிருந்து எடுத்த நீரை அதே மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டு நான்கு மாதம் இராப்பகலாக ஓடியிருக்கிறது. கரண்ட் பில் மட்டும் ஏறியது. வடிநீர் வெளியே போக வேண்டும். தாழ்வாக இருந்து வழியவில்லை என்றால் சின்ன பம்ப் வைக்க வேண்டும். மின் இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும், நீட்டு வயர் இழுத்துவிட்டுப் போகக் கூடாது. இயந்திரத்தில் ஈரப்பத அளவை 50 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் போதும்.

பூஞ்சை சிகிச்சை என்று தனியாக 2,900 டாலர். மரத்தின்மேல் மருந்தைப் புகையாக அடித்து, வெள்ளைப் பெயின்ட் பூசினார்கள். காசின் ஓரத்தால் சுரண்டினால் வெள்ளைக்கு அடியில் கருப்புப் பொடி உதிர்கிறது. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். அதனால் கொல்வதோடு நிற்காமல் அகற்ற வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே சொல்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்து, ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவத்தால் உறிஞ்சி, மரம் 16-க்குக் கீழே உலர்ந்த பிறகே பெயின்ட். ஈரமரத்தில் பூசினால் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும்.

இனி விற்ற கதை. இலவசப் பரிசோதனை என்று வந்தவர் கைபேசியில் கருப்புப் புள்ளிகளைப் படமெடுத்து, இது விஷப்பூஞ்சை, வீட்டில் குழந்தை இருக்கிறதே என்றார். நிறத்தைப் பார்த்து எந்த வகைப் பூஞ்சை என்று யாராலும் சொல்ல முடியாது. இவ்வளவு பூஞ்சை இருந்தால் ஆபத்து என்று கூட்டாட்சி அரசு எந்த வரம்பும் வைக்கவில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்குச் சோதனை எடுக்கக் காசு கொடுப்பது வீண். இன்று இரவுக்குள் கையெழுத்திட்டால் 3,000 டாலர் தள்ளுபடி என்றார். வேலை முடிந்த மாலை டேப்லெட்டை நீட்டி, முடிந்ததற்கான கையெழுத்தை வாசலிலேயே வாங்கினார்கள். வீட்டுக்காரர் கீழே இறங்கிப் பார்க்கவே இல்லை. இந்த வேலைக்குக் கடன் கொடுத்த நிறுவனம் அந்தக் கையெழுத்தை வைத்து முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டது.

வாழ்நாள் உத்தரவாதத்தின் பொடியெழுத்து: ஷீட் இயல்பாக நைந்தால் புது ஷீட் தருவோம், கூலி தனி. ஈரம், பூஞ்சை, தேங்கும் நீர் எதற்கும் பொறுப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறை 295 டாலர் கட்டிப் பராமரிப்பு எடுக்காவிட்டால் அதுவும் செல்லாது.

உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கிய 25 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, மூன்றாம் வேலைநாள் நள்ளிரவுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். இது ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி. சனிக்கிழமையும் வேலைநாளாக எண்ணப்படும், ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறையும் சேராது. ரத்துப் படிவம் இரண்டு பிரதி அவர்களே தர வேண்டும். இங்கே தரவில்லை. நார்த் கரோலினாவில் 40,000 டாலருக்குக் குறைந்த வேலைக்குப் பொது ஒப்பந்ததாரர் உரிமம் தேவையில்லை, பூஞ்சை அகற்றத் தனி உரிமமும் கிடையாது. அதனால் உரிமத்தைப் பார்த்து நம்பலாம் என்றும் இருக்க முடியாது, காகிதத்தில் எழுதி வாங்குவதுதான் காப்பு. ஷீட்டின் பெயரும் மில்லும், டேப் எத்தனை சுருள், இயந்திரத்தின் மாடலும் பைண்டும், வடிநீர் போகும் இடம், மூன்று அங்குல இடைவெளி, ஹீட்டரை யார் பார்ப்பது, இவை எல்லாம் வரிவரியாக வரட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் பத்து இடங்களில் மர ஈரத்தை அளந்து படத்தோடு தரச் சொல்லுங்கள். பத்து சதவீதப் பணத்தை, வேலை முடிந்து முப்பது நாள் கழித்து உள்ளே காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நின்ற பிறகே தருவேன் என்று எழுதுங்கள். அளக்கும் கருவி 20 டாலருக்குள் கிடைக்கிறது, கைபேசியிலேயே பார்க்கலாம். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இந்த வீட்டில் இப்போது ஷீட்டை எடுத்தாயிற்று. கூரைக் குழாய்களை நீட்டி, மண்ணைச் சரித்து, நல்ல மழை இரண்டு பார்த்தாயிற்று, உள்ளே தண்ணீர் வரவில்லை. வாடகை இயந்திரம் மூன்று வாரமாக ஓடுகிறது. குளியலறைக்குக் கீழே 24 இருந்த சட்டம் 18-க்கு வந்திருக்கிறது. ஹீட்டரை மாற்றி, 15-க்கு இறங்கிய பிறகே மரத்தைத் தேய்ப்பது, அதன் பிறகே புது ஷீட்.