லாடெக் இல்லாமல் சமன்பாடு எழுத: மாட்பிளாட்லிப்பின் மேத்டெக்ஸ்ட்

பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் வரைபவர்களில் பலர் மேத்டெக்ஸ்ட் என்ற பெயரை அறியாமலேயே அதை நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். மடக்கை அச்சில் 10², 10³ என்று அடுக்குகள் சீராக அமர்வதும், அச்சின் பெயரில் ஒரு சிக்மாவோ வர்க்கமூலமோ தெளிவாக வருவதும் அதன் வேலையே. நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் 2003இல் வெளியிட்ட, வரைபடம் வரைவதற்கான பைத்தான் நிரலகமான மாட்பிளாட்லிப்புக்குள் அடங்கிய இந்தப் பகுதி, கணித நூல்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லாடெக் கணினியில் நிறுவப்படாமல் இருந்தாலும் அதன் குறியீட்டு முறையில் பெரும்பகுதியைப் படித்து வரைந்து தருகிறது.

டாலர் குறிகளுக்கு இடையில் எழுதப்பட்டதை முதலில் ஒரு பாகுபடுத்தி இலக்கணப்படி பிரிக்கிறது. அதன்பின் கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத், லாடெக்குக்கு அடித்தளமான தமது டெக் மென்பொருளுக்காக வகுத்த வழிமுறைகளைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றி, ஒவ்வொரு எழுத்தையும் அகலமும் உயரமும் ஆழமும் உடைய பெட்டியாகக் கருதி, அப்பெட்டிகளை நீண்டு சுருங்கக்கூடிய இடைவெளிகளோடு அடுக்குகிறது. மேற்குறியும் கீழ்க்குறியும் நிலைக்கு நிலை 0.7 மடங்காகச் சிறுக்கின்றன. இரு உறுப்புகளுக்கு நடுவே வரும் கழித்தல் குறிக்கு இருபுறமும் இடம் விடும் இந்த மென்பொருள், தொடரின் தொடக்கத்தில் வரும் எதிர்க்குறிக்கு அந்த இடத்தை விடுவதில்லை. எண்ணுக்குள் வரும் தசமப்புள்ளியையும் அது நிறுத்தக்குறியாக எடுத்துக்கொள்வதில்லை. இத்தகைய நுணுக்கங்களை ஒரு வரைபட மென்பொருளிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவை இருப்பதனால்தான் அதன் சமன்பாடுகள் நூலில் அச்சிட்டவை போலத் தோன்றுகின்றன. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எது கணிதம், எது வெறும் உரை என்பதை எழுதுபவரே டாலர் குறியால் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் சரியான முடிவு. வரைபடம் வரையும் வேறு மென்பொருள்களான க்னுபிளாட்டின் விரிவாக்கப்பட்ட உரை முறையிலும் மாட்லாப்பின் இயல்பான அமைப்பிலும் அடிக்கோடு எங்கு வந்தாலும் கீழ்க்குறியாகிவிடும். கோப்பின் பெயரையோ மாறியின் பெயரையோ விளக்கப் பெட்டியில் இட்டால் அடிக்கோட்டை அடுத்த எழுத்து கீழே இறங்கி நிற்கும். மாட்பிளாட்லிப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் விலையைப் பற்றிய வரைபடங்களில் வேறொரு தொல்லை உண்டு. ஒரே ஒரு டாலர் குறி இருந்தால் அது உள்ளபடியே அச்சாகும்; '$5 - $10' என்று இரண்டு வந்துவிட்டால் இரு குறிகளும் மறைந்து, நடுவில் உள்ளது கணிதமாகிவிடும். குறியின் முன் பின்சாய்கோடு இடுவதோ, அந்த உரைக்கு மட்டும் கணிதப் பாகுபடுத்தலை நிறுத்துவதோ இதற்குத் தீர்வு.

பின்சாய்கோட்டில் இன்னொரு கவனமும் தேவை. பைத்தானின் சாதாரணச் சரத்தில் (மேற்கோள் குறிக்குள் எழுதும் உரையில்) தீட்டாவைக் குறிக்கும் \theta கட்டளையின் முதல் எழுத்து பின்சாய்கோட்டோடு சேர்ந்து தத்தல் (டேப்) இடைவெளியாகவும், நியூவைக் குறிக்கும் \nu கட்டளையின் முதல் எழுத்து புதுவரியாகவும் மாறிவிடுவதால், கணிதம் உள்ள சரங்களை எப்போதும் முன்னால் r சேர்த்த மூலச் சரங்களாகவே எழுத வேண்டும்.

இதன் பெரிய குறை, பிழையைச் சொல்லும் நேரம். அச்சின் பெயரை அமைக்கும் வரியில் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருந்தாலும் அங்கே எந்த எச்சரிக்கையும் வராது; படத்தை வரையும்போதோ சேமிக்கும்போதோதான் பாகுபடுத்தல் நடப்பதால், பிழைச்செய்தி சேமிக்கும் வரியைச் சுட்டுகிறது. இருபது பெயர்கள் உள்ள படத்தில் பிழையான பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது வீண் உழைப்பு. புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் கணிதக் குறியீடு அம்மொழியின் தொடராகவே எழுதப்படுவதால் இலக்கணப் பிழை உடனே பிடிபடுகிறது. லாடெக் பழகியவர்கள் அதற்கெனத் தனியாக ஒரு முறையைக் கற்க வேண்டியிருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

எண்களை வரிசை நிரலாக அடுக்கும் அணிகளை எழுதும் சூழல்களும் நாமே வரையறுக்கும் கட்டளைகளும் மேத்டெக்ஸ்டில் இல்லை. கணிதத்துக்குள் சாதாரண உரை எழுதும் கட்டளையே 2023இல் வந்த மாட்பிளாட்லிப் 3.8 பதிப்பில்தான் சேர்ந்தது. அணிகளும் சொந்தக் கட்டளைகளும் தேவைப்படுபவர்கள் உண்மையான லாடெக்கை இயக்கும் தேர்வுக்கு மாறலாம். அதற்கு லாடெக்கோடு துணை நிரல்களும் வேண்டும். புதிய பெயர் ஒவ்வொன்றுக்கும் முதல்முறை காத்திருக்க நேரும். சதவீதக் குறிக்கு முன்னும் பின்சாய்கோடு இட நினைவிருக்க வேண்டும். கட்டுரையின் எழுத்துருவோடு படத்தின் எழுத்துரு ஒன்றியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், மேத்டெக்ஸ்டின் எழுத்துருத் தொகுதியைக் கம்ப்யூட்டர் மாடர்னுக்கோ ஸ்டிக்ஸுக்கோ மாற்றினாலே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

தமிழில் பெயரிட விரும்புபவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது. மாட்பிளாட்லிப்பின் 3.10 வரையான பதிப்புகளின் இயல்பான வரைவி எழுத்துகளைக் குறியேற்ற வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறதே தவிர, எழுத்துச் சேர்க்கை விதிகளைச் செயல்படுத்துவதில்லை; அதனால் தமிழ் எழுத்துரு கொடுத்தாலும் 'செ', 'கே' போன்றவற்றின் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேவைக்கு உரையை லாடெக்கிடம் ஒப்படைக்கும் மாட்பிளாட்லிப்பின் பிஜிஎஃப் வெளியீட்டைத் தேர்ந்து, யூனிக்கோடு எழுத்துருக்களைக் கையாளும் லாடெக் வகையான ஸீலாடெக் வழியாகத் தமிழ் எழுத்துரு ஒன்றை அமைத்துக்கொண்டால், தமிழ்ப் பெயரும் அதனருகே சமன்பாடும் ஒரே வரியில் பிழையின்றி வரும்.