மல்லிகை வாசமும் இடது தோளும்: உடல்வழிச் சிகிச்சையில் நான்கு ஆண்டுகள்

2018 ஆவணியில் விருதுநகரில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டுச் சாயங்காலம் வேனில் மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கப்பலூர் வருவதற்குச் சற்று முன்பு, விளக்கில்லாமல் சாலையோரம் நின்ற லாரியின் பின்பக்கத்தில் வேன் மோதியது. சித்தி என் இடது தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடிக்க என் கை எழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழவில்லை என்றுதான் என் உடம்பு நம்பியது. மறுநாள் விடியற்காலையில் சித்தி போய்விட்டாள்.

எனக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் இடது கை தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. திருநகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். துணி வெட்ட முடிந்தது, மெஷின் மிதிக்க முடிந்தது, மேல் தட்டில் இருக்கும் துணியை எடுக்க மட்டும் யாரையாவது கூப்பிட வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கேன், எட்டு மாதம் பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, தைரியமாக இருங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

என் கடைக்கு வரும் பெண்களில் இரண்டு பேர் நான் எடுத்துக்கொண்ட உடல்வழிச் சிகிச்சை பலன் தருமா என்று தனியாகக் கேட்டார்கள். கேட்கத் தயங்குகிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னவெல்லாம் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பஸ் நிற்கும்போது காற்று பிரேக் "புஸ்" என்று விடும் சத்தம் கேட்டால் அடிவயிறு கலங்கிவிடும். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் கிடையாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய வேதனை மல்லிகைப்பூ. அன்று வேனில் பதினான்கு பேர் இருந்தோம், பெண்கள் அத்தனை பேர் தலையிலும் கல்யாண வீட்டு மல்லிகை. மோதிய பிறகு டீசல் நெடியோடும் இரத்தத்தோடும் கலந்து அந்த வாசம் அங்கேயே நின்றது. மதுரை மல்லி என்று 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. இந்த ஊரில் அதை விட்டு ஒதுங்கி வாழ முடியுமா? கோயில் வாசல், டீக்கடை ஓரம், எதிரில் வரும் ஸ்கூட்டர், எங்கே போனாலும் முன்னால் வந்து நிற்கும். வாசனை வந்த மறு நொடி நான் வேனுக்குள் இருப்பேன். ஏன் அப்படி என்று பின்னால் சிகிச்சையில்தான் தெரிந்துகொண்டேன். பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையைக் கடந்துதான் மற்ற பகுதிகளுக்குப் போகின்றன. வாசனை அங்கே நிற்காமல், அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதிக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. யோசித்துச் சமாதானம் ஆவதற்கு எனக்கு நேரமே கிடைக்கவில்லை. இதைக் கேட்டபோது பெரிய ஆறுதலாக இருந்தது. அதுவரை, மனத்திடம் இல்லாதவள் நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

மதினி இதைப் "பயந்த கோளாறு" என்றாள். கோரிப்பாளையம் தர்காவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த பெரியவர் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயிற்பீலியால் தலையிலிருந்து கால் வரை மெதுவாக வருடி, ஓதி ஊதினார். அன்று இரவு ஐந்து மணி நேரம் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு போன ஓர் ஆலோசனை மையத்தில் நேர்மாறாக நடந்தது. முதல் நாளே விபத்தை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார்கள், அடுத்த வாரமும் அதையே. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் ஏற்கெனவே நூறு தடவை சொன்ன கதை அது. வாய் தானாகச் சொல்லும், உடம்பு விறைத்துக் கிடக்கும். மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டேன். நடந்ததைப் பேசிக் கடக்கிற முறை தவறு என்று சொல்ல வரவில்லை. உடம்பைத் தயார் செய்யாமல் அந்தக் கதவைத் திறந்ததுதான் தவறு.

2020 கடைசியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன பாதிப்பு என்று அவர்தான் பெயர் சொன்னார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்த பெயராம். மாத்திரை கொடுத்தார். தூக்கம் திரும்பியது, படபடப்பு பாதியானது. தோள் அசையவில்லை. உடல்வழியாக வேலை செய்கிற ஒரு சிகிச்சையாளரிடம் அவர்தான் அனுப்பினார். 2021 தையில் ஆரம்பித்தேன்.

வைகைக்கு வடகரையில் ஒரு வீட்டு மாடி. ஒரு பாய், இரண்டு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். அந்தப் பெண் என்னைவிடப் பத்து வயது இளையவர். விபத்தைப் பற்றிக் கேட்பார் என்று தயாராகப் போயிருந்தேன். "அக்கா, இப்போது உங்கள் உடம்பில் நோகாத இடம் எது?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். இரண்டரை வருடமாக எல்லாரும் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டிருந்தார்கள். நெடுநேரம் தேடி, வலது உள்ளங்கால் என்றேன். மெஷின் பெடல் மிதிக்கிற கால்.

முதல் இரண்டு மாதமும் அந்தக் கால்தான். தரையில் அதை ஊன்றி, தரையின் குளிர்ச்சியைக் கவனிப்பது. பிறகு தலையை மெதுவாகத் திருப்பி அறையைச் சுற்றிப் பார்ப்பது, கண்ணில் படுவதைப் பெயர் சொல்வது. அப்புறம் தோளின் இறுக்கத்தை ஒரு நொடி தொட்டுப் பார்த்துவிட்டு உடனே உள்ளங்காலுக்குத் திரும்பிவிடுவது. இப்படி வலிக்கும் இடத்துக்கும் வலிக்காத இடத்துக்கும் ஊஞ்சல் மாதிரி போய் வருவது, அதையும் சொட்டுச் சொட்டாகச் செய்வது, பீட்டர் லெவின் என்ற அமெரிக்கர் 1970-களிலிருந்து வளர்த்தெடுத்த முறை. ஆபத்தில் ஓடவோ தடுக்கவோ எழும் உடம்பின் விசை பாதியில் நின்றுபோனால், அது தசைகளில் இறுகிக் கிடக்கும் என்பது அவர் கருத்து. எனக்கு அது தையல்காரியாகத்தான் விளங்கியது. தவறாகப் போட்ட தையலை ஒரே இழுப்பில் பிரித்தால் துணி கிழியும். மூன்று தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டி, துணியை நெகிழ்த்தி, பிறகுதான் உருவ வேண்டும்.

மூச்சுப் பயிற்சி எனக்கு ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளவே இல்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனி என்றால் வேன் வந்துவிடும். கண்ணைத் திறந்துகொண்டு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினேன், அது பழகியது. மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றுக் குறைக்கிறது. இதை நீங்களே மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கலாம்.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் இரண்டு தொடைகளும் உடுக்கை மாதிரி நடுங்க ஆரம்பித்தன. அடக்கப் பார்த்தேன். "விட்டுவிடுங்கள் அக்கா, கூடவே நான் இருக்கிறேன்" என்றார். பத்து நிமிடம் இருக்கும். நின்ற பிறகு வந்த பசியை இன்னும் மறக்கவில்லை. வழியில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கை வேலை அதற்கு அடுத்த வருடம் சேர்ந்தது. முதலில் தாளும் கிரேயானும் கொடுத்தார். என் கை அளவெடுத்துக் கோடு போட்டது, அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கம் அப்படிச் சட்டென்று விடுமா? களிமண்ணைத் தொட்டுப் பாருங்கள் என்றார். களிமண்ணுக்கு நான் எங்கே போவது என்று யோசிக்கவே தேவையில்லை. பசுமலைக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர். கொலுப் பொம்மையும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் வீட்டுக்கு வீடு செய்கிறார்கள். தெரிந்தவர் மூலம் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் வியாழக்கிழமை தோறும் உட்கார இடம் கிடைத்தது. நோய் என்றெல்லாம் சொல்லவில்லை, கை பழக வந்திருக்கிறேன் என்றேன்.

அவர் என்னை உடனே பொம்மை பிடிக்க விடவில்லை. மண்ணை மிதிக்கச் சொன்னார். சல்லடையில் சலித்து ஊறவைத்த கண்மாய் மண். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, குதிகாலால் வட்டமாக மிதித்துக்கொண்டே வர வேண்டும். கல் தட்டினால் காலே எடுத்துச் சொல்லிவிடும். ஆறு வாரம் மிதித்தேன். அதற்குப் பிறகு செய்த முதல் நான்கு உருவங்களும் சூளையில் வெடித்துவிட்டன. உள்ளே ஈரம் நின்றால் சூட்டில் ஆவியாகிப் பிளக்கும், நிழலில் நாள் கணக்கில் உலர வேண்டும். நான் அவசரப்பட்டு வெயிலில் வைத்திருந்தேன்.

2022 புரட்டாசியில், கொலு வேலை மும்முரமாக இருந்த ஒரு வியாழக்கிழமை. ஈரச் சாக்கில் சுற்றிய மண் உருண்டை ஒன்றைக் கொட்டகையிலிருந்து திண்ணைக்குக் கொண்டுவரச் சொன்னார். நாலரை, ஐந்து கிலோ இருக்கும். வலது கையில் வாளி இருந்ததால் பெரியவரின் மகன் அதை என் இடது தோளில் வைத்துவிட்டான். ஈரம் ஜாக்கெட்டில் இறங்கியது. அந்தக் கனம். கழுத்தோரம் சாய்ந்த அந்தக் கனம் எனக்குத் தெரிந்த கனம். உருண்டை முன்பக்கமாகச் சரிந்தது. என் இடது கை எழுந்து அதைப் பிடித்துக்கொண்டது.

கை தோளுக்கு மேல் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வலது கையையும் கொடுத்து அணைத்துக்கொண்டேன். அப்படியே நின்றேன். "கீழே போட்டுவிடாதே தாயி, பிடி, பிடி" என்றார் பெரியவர், மண்ணைச் சொன்னார். பிடித்துக்கொண்டே அழுதேன். சித்தி இறந்த வீட்டில் என்னால் அழ முடியவில்லை, கட்டிலில் கட்டுப் போட்டுக் கிடந்தேன், ஒப்பாரிக்குக் கூட என்னைத் தூக்கி உட்கார வைக்கவில்லை. அன்றுதான் அழுதேன். பெரியவரின் மனைவி ஒரு செம்பு நீச்சத்தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்.

அடுத்த வாரம் சிகிச்சையாளரிடம் சொன்னபோது, அந்த அசைவை மெதுவாக, மண் இல்லாமல், செய்து காட்டச் சொன்னார். அதற்குப் பிறகுதான் முதல்முறையாக விபத்தை முழுதாகச் சொன்னேன். சொல்லும்போது உள்ளங்கால் தரையில் இருந்தது.

இப்போது கணக்கு. ஒரு முறைக்கு 900 ரூபாய். முதல் எட்டு மாதம் வாரம் ஒன்று, பிறகு மாதம் இரண்டு, கடைசியில் மாதம் ஒன்று. ஏறக்குறைய அறுபது முறை, ஐம்பதாயிரத்துக்கு மேல். என் வருமானத்துக்கு அது பாரம்தான், சீட்டுப் பணத்தில் ஈடுகட்டினேன். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து 2023-இல் நிறுத்தினோம். நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. இடையில் ஒருவர் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் முகாம் ஒன்றுக்குப் போனேன். பெரிய சத்தத்தில் இசை போட்டு, நாற்பது பேரை ஒன்றாகக் கத்தச் சொன்னார்கள், அழாதவர்களைத் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். என் இடது தோளையும். திரும்பி வந்து மூன்று வாரம் எனக்கு என் கை கால் என்னுடையதாகவே தெரியவில்லை. உடம்பைத் தொடுவதற்கு முன் கேட்காதவரிடம் இருக்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் இந்த நோய்க்குப் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்டு எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், பிரான்சின் ஷாப்பிரோ 1987-இல் தொடங்கிவைத்த, கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும்தான். நான் எடுத்துக்கொண்ட முறைக்கு அந்த அளவு ஆய்வுப் பலம் இல்லை. உங்கள் ஊரில் அந்த இரண்டில் ஒன்று கிடைத்தால் அதையும் விசாரியுங்கள். பணமோ ஆளோ இல்லாமல் தவிப்பவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, இரவிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இன்றைய நிலை: மேல் தட்டுத் துணியை நானே எடுக்கிறேன். பெரியார் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன், "புஸ்" சத்தத்துக்குத் திடுக்கிடுகிறேன், ஆனால் அடுத்த மூச்சில் திரும்பி வந்துவிடுகிறேன். வேனில் முன்பக்கம் உட்காருவதில்லை. ஆவணி பிறந்தால் தூக்கம் கெடுகிறது. மல்லிகை வாசம் வரும்போது இப்போதும் சித்தி வருகிறாள், டீசல் நெடி மட்டும் எல்லா நாளும் கூட வருவதில்லை. தலையில் வைக்க இன்னும் முடியவில்லை.

சித்தியின் மகள் அன்று வேனில் கடைசி வரிசையில் இருந்தாள், ஒரு கீறல்கூட இல்லை. அதனால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தச் சித்திரையில் அவளே வந்து, "அக்கா, வியாழக்கிழமை எங்கே போகிறாய்?" என்றாள். கூட்டிப் போகிறேன். மூன்று வாரமாக மண் மிதிக்கிறாள். பெரியவர் அவளிடமும் எதுவும் கேட்பதில்லை, கல் தட்டினால் சொல் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.