கணபதி பக்கம் ஒரு பேட்டர்ன் பட்டறையும் ஐந்து வளைவுகளும்

போன வருஷம் என் மகளுக்கு ஆன்லைனில் ஒரு வானவில் பொம்மை வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மர வளைவுகள், இரண்டாம் வாரமே கைதவறி விழுந்து ஒரு வளைவு தோளில் துண்டாகிவிட்டது. உடைந்த வாயைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. நேரான பலகையிலிருந்து வளைவை அறுத்து எடுத்தால் மரத்தின் நார் வளைவோடு கூடவே போகாது, எங்கோ ஓரிடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும், அங்கேதான் ஒடியும். மெல்லிய மரத் தகடுகளை வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால் நார் முழுக்க வளைவின் வழியே ஓடும். அப்படிச் செய்துதர ஆள் தேடித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

பெயரும் நம்பரும் போடவில்லை, பட்டறைக்கார ஐயா வேண்டாம் என்றுவிட்டார். கோயம்புத்தூரில் கணபதி பக்கம் இருக்கிறது. பம்பு, மோட்டார் வார்ப்புக்கு மர அச்சு (பேட்டர்ன்) செய்கிற பட்டறை, பொம்மைக்கடை இல்லை. முதலில் இரண்டு பர்னிச்சர் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், நான் வரைந்த படத்தைப் பார்த்ததும் முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். இவர் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, ரெண்டு தோளும் ஒரே மாதிரி இல்லையே, தெரிஞ்சுதான் வரைஞ்சீங்களா?" என்று கேட்டார். தெரிந்துதான் வரைந்தேன். ஒரு பக்கம் செங்குத்தாக ஏறி மறுபக்கம் சரிந்து இறங்கும் வளைவு, அதனால் திருப்பி வைத்தால் அடங்காது, சரியான பக்கத்தைக் குழந்தை கண்டுபிடிக்க வேண்டும், புதிர் அவ்வளவுதான்.

அச்சு வேலைக்காரரிடம் போனதன் அருமை அடுத்த பத்து நிமிஷத்தில் தெரிந்தது. ஒட்டிய வளைவை அச்சிலிருந்து கழற்றினால் கொஞ்சம் விரியும். எனக்கு அது புதுச் செய்தி, அவருக்குத் தினசரி வேலை மாதிரி. வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மி.மீ. சுருங்கும் என்று அச்சைப் பெரிதாகச் செய்தே பழகியவர், இங்கே விரியும் என்று அச்சைக் குறுக்கிவிட்டார்.

முதலில் 1.5 மி.மீ. தேக்குத் தகட்டை வளைத்தார். செங்குத்துத் தோளின் ஆரம் 4 செ.மீ.தான், நாலில் மூன்று தகடு படக்கென்று போய்விட்டது. அப்புறம் 0.6 மி.மீ. வெனீர் என்கிற இன்னும் மெல்லிய மரத் தகட்டுக்கு மாறி, தேக்கு ஒன்று, எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு ஒட்டினார். தகடு மெலிய மெலியச் சுலபமாக வளைகிறது, அடுக்கு கூடக் கூட விரிவதும் குறைகிறது. இறுக்கக் கிளாம்ப் மட்டும் போதவில்லை, பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இழுத்துச் சுற்றினார், எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுத்தம். நான் கேட்ட கோடு போட்ட விளிம்பு அந்த இரண்டு மரத்தால் தானாகவே வந்துவிட்டது.

ஐந்து வளைவுக்கும் ஐந்து அச்சு செய்தால் செலவு எங்கேயோ போய்விடும். "கழட்டாமயே அதுமேல அடுத்ததப் போட்டுருவோமுங்க" என்றார். அதாவது முதல் வளைவு அச்சிலேயே இருக்க, அதுவே இரண்டாவதற்கு அச்சு, நடுவில் ஒட்டாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட். எனக்கு இந்த யோசனை இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த முதல் செட் தோல்வி. சாதாரண வெள்ளைப் பசையில் ஒட்டியிருந்தார்கள், பங்குனி வெயில் விழும் ஜன்னலோரம் மூன்று வாரம் இருந்ததில் வளைவுகள் மெல்ல மெல்ல வாய் திறந்துவிட்டன. அந்தப் பசை காய்ந்தாலும் ஓயாத இழுப்பு இருந்தால் நகர்ந்து கொடுக்கும், சூட்டில் இன்னும் இளகும். தேக்கின் எண்ணெய்ப்பசையால் இரண்டு முனைகளில் அடுக்கும் பிரிந்திருந்தது. இடைவெளியும் போதவில்லை, ஷீட்டின் கனம் மட்டுமே விட்டிருந்ததால் மகள் இரண்டு கையாலும் பிடுங்க வேண்டியிருந்தது.

கொண்டுபோய்க் காட்டினேன். மழுப்பவே இல்லை, எங்கள் தப்புதான் என்றார். மறு செட்டுக்குச் சாமான் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை இரண்டு டியூபிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்சி பசை, ஒட்டுவதற்குச் சற்று முன் தேக்கைத் தின்னர் போட்டுத் துடைத்தல், ஒவ்வொரு வளைவும் ஒரு நாள் முழுக்கக் கட்டு அவிழ்க்காமல், ஷீட்டோடு ஒரு அட்டையும் சேர்த்து 1 மி.மீ. இடைவெளி. மேலே அச்சுகளுக்கு அடிக்கிற அதே அரக்குப் பாலிஷ்.

ஆடி போய், ஐப்பசி மழையும் பார்த்தாயிற்று. பிரியவில்லை, விரியவில்லை. மழை நாளில் மூன்றாவது வளைவு மட்டும் கொஞ்சம் இறுகுகிறது, அவ்வளவுதான். எத்தனை முறை தரையில் விழுந்தது என்று கணக்கே இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் என்றது ஏழு வாரமானது, பவுண்டரி (வார்ப்பாலை) வேலை வந்தால் நம் வேலை ஓரங்கட்டப்படும். போன் எடுக்க மாட்டார்கள், நேரில் போக வேண்டும். விளிம்பை இன்னும் உருட்டித் தேய்த்திருக்கலாம், வீட்டில் நானே 320 நம்பர் உப்புத்தாள் போட்டேன். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. கடைப் பொம்மையைவிட அதிகம், செய்த வேலைக்குக் குறைவு என்பது என் எண்ணம்.

அடுத்து யானை கேட்டிருக்கிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி 1945இல் ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்த யானையின் படத்தைப் போனில் காட்டினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு பக்கமும் வளையுதுங்க, தகடு மடிப்பு விழாம எப்படிப் படிஞ்சுது?" என்றார். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை.

போகிறவர்கள் போனில் படத்தை மட்டும் காட்டாதீர்கள். முழு அளவில் அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள். காலையில் மெஷின் சத்தத்தில் பேச முடியாது.