வெதரிங் பவுடர்: வார்னிஷ் அடிக்கும் வரை எல்லாம் பிரமாதம்

மாடல் ரயில்களுக்குக் கரி, துரு, அழுக்கு படிந்த தோற்றம் கொடுக்கும் நிறத்தூளான வெதரிங் பவுடர் செட் விலை குறைந்திருக்கிறது, வாங்கிப் போடட்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த செட்டைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன், என்னிடம் இருக்கும் ஹெச்ஓ (மாடல் ரயில்களின் ஒரு அளவு) எஞ்சின்களில் பெரும்பாலானவை அதைப் பூசிக்கொண்டவைதான். போன வாரம் அது செய்த காரியத்தில் இன்னும் கோபம் தணியவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சின் கூரையில் புகை வெளியேறும் இடத்தைச் சுற்றிப் படியும் கரியை ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) கொண்டுவருவது எனக்குச் சரிப்பட்டதே இல்லை, விளிம்பு எங்கேயாவது வட்டமாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். பவுடரில் அந்தத் தொல்லை கிடையாது. தேய்ந்துபோன பிரஷ்ஷின் நுனியில் தொட்டு, குத்திக் குத்தி வைத்து, எஞ்சின் நீளத்துக்கு இரண்டு இழுப்பு இழுத்தால் கூரைத் தகட்டின் இணைப்புகளிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் தானாகவே போய் உட்காரும், மேடான இடங்களில் அடிநிறம் மெல்லத் தெரியும். போகியில், அதாவது அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், இன்னும் அழகு. வார்ப்பிரும்பு பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் தூள் துருவேறித்தானே அங்கே பழுப்பாகப் படிகிறது? கட்டைக்குப் பக்கத்தில் செம்பழுப்பு, தள்ளிப் போகப் போக மண்தூசி கலந்து சாம்பல் பழுப்பு. இந்த நிற மாற்றத்தை விரல் நுனியாலேயே தேய்த்துக் கொண்டுவந்துவிடலாம். பிடிக்கவில்லையா, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். புது ஆளுக்கு இந்தத் தைரியத்தைப் பெயின்ட் கொடுக்காது. அடியில் ஒரு மேட் (பளபளப்பில்லாத) கோட் மட்டும் கட்டாயம், தொழிற்சாலைப் பளபளப்பின் மேல் நேராகப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

சரி, இப்போது வயிற்றெரிச்சல். நீராவி எஞ்சின் ஒன்றில் பாய்லரைக் கழுவத் திறக்கும் துளைகளின் மூடிகளிலிருந்து கீழே வழியும் சுண்ணாம்புக் கறை வைத்தேன். கடினநீர் கொதித்து ஆவியான இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுமே, அதுதான். ஒவ்வொரு கோடும் மேலே தடித்து, கீழே மெலிந்து, அச்சு அசலாக வந்திருந்தது. மேட் வார்னிஷ் அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் கறுப்பு பாய்லர் கறுப்பாகவே இருக்கிறது! சாயங்காலம் முழுக்கச் செய்த வேலையைக் காணோம்.

காரணம் தெரியாமல் இல்லை. பவுடர் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி நன்றாகச் சிதறும், அதனால் வெளுப்பாகத் தெரியும். அந்த இடுக்குகளில் வார்னிஷ் புகுந்ததும் சிதறல் குறைந்துவிடுகிறது. காய்ந்த மணலில் தண்ணீர் ஊற்றினால் கறுப்பதும் இதே கதைதான். கரியும் துருவும் இதில் தப்பித்துவிடும், இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தெரியும், அவ்வளவுதான். அடி வாங்குவதெல்லாம் வெள்ளை, மணல் நிறம், வெளிர் சாம்பல். அழுத்தத்தைக் குறைத்து, எட்டப் பிடித்து, மெல்லிய தூவலாகப் பல கோட் அடித்தால் சேதம் குறைகிறது, நிற்கவில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஓரத்தில் சொட்டவிட்டு ஊறவைக்கும் வழியில் நிறம் ஓரளவு மிஞ்சும், ஆனால் பிடிப்பு போதாது.

வார்னிஷே அடிக்காமல் விட்டுவிடேன் என்பார்கள். டாங்கி மாடல் செய்கிறவர்களுக்கு அது சரி, அது கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் யாரும் தொடப்போவதில்லை. எஞ்சின் அப்படியா? சக்கரம் துடைக்க, கப்ளிங் மாற்ற, தண்டவாளத்தில் ஏற்றி இறக்க என்று எத்தனை முறை எடுக்கிறோம், அதுவும் எப்போதும் இடுப்பில் அதே இரண்டு இடத்தில் பிடித்து. கொஞ்ச நாளில் அந்த இரண்டு இடமும் பளிச்சென்று ஆகி, மற்றதெல்லாம் அழுக்காக நிற்கும். உதிர்ந்த தூள் எங்கே போகிறது என்பது அடுத்த தலைவலி. எண்ணெய் போட்ட பல்சக்கரத்தில் விழுந்தால் அரைக்கும் பசையாகிவிடும்.

வெளிர் நிறக் கறைகளுக்கு இப்போது எனாமல் பெயின்டுக்கே திரும்பிவிட்டேன். அக்ரிலிக் அடிநிறத்தின் மேல் மெல்லிய கோடு போட்டு, எனாமலைக் கரைக்கும் வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்தால் கறை அழகாகக் கரைந்து நீளும், அடியில் இருக்கும் அக்ரிலிக்குக்கு ஒன்றும் ஆகாது. முக்கியமாக, மேலே வார்னிஷ் அடித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லைதான், கரி டப்பா தீர்ந்தால் நானே மறுநாள் இன்னொன்று வாங்குவேன் என்பதும் தெரியும். ஆனாலும் செட்டாக வேண்டாம். கரியும் துருவும் தனியாகக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வெள்ளை டப்பா வேண்டுமென்றால் என்னுடையதையே கொடுத்துவிடுகிறேன்.