பாதி கமிஷனர், பழுப்பு டிகாக்‌ஷன்: என் பார் சுவருக்கு வாங்கிய மூன்று கேன்வாஸ் படங்கள்

நியூஜெர்சி வீட்டு பேஸ்மென்டில் போன குளிர்காலத்தில் சின்னதாக ஒரு பார் போட்டேன். எட்டடி கவுண்டர், நாலு ஸ்டூல், ஓரத்தில் ஒரு சிங்க். பின்சுவர் மட்டும் மொட்டையாக இருந்தது. அமெரிக்க மதுவிலக்குக் காலப் புகைப்படங்களை கேன்வாஸில் அச்சடித்துத் தரும் ஓர் ஆன்லைன் கடையில் மூன்று படம் ஆர்டர் செய்தேன். மொத்தம் 210 டாலர்.

படங்களைக் குறை சொல்லவே மாட்டேன். முதலாவது, 1921 வாக்கில் எடுத்தது. ரெய்டில் பிடித்த பீப்பாயை ஆட்கள் சாக்கடையில் கவிழ்க்க, நியூயார்க் போலீஸ் துணை கமிஷனர் ஜான் லீச் வலப்பக்கம் நின்று பார்க்கிறார். இரண்டாவது, 1922 ஜனவரியில் வாஷிங்டனில் எடுத்தது. பெண் ஒருத்தி தன் உயரமான ரஷ்யன் பூட்ஸுக்குள் சின்ன மது பிளாஸ்க்கைச் செருகுகிறாள். மூன்றாவது பக்கத்து ஊர்ப் படம். 1931-ல் நியூவார்க்கில் தொழிற்சங்கத்தார் ‘எங்களுக்கு பீர் வேண்டும்’ என்று அட்டை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். நான் தினமும் ரயில் மாறும் ஊர். 1933 டிசம்பர் 5-ம் தேதி மதுவிலக்கு முழுசாக முடிய அப்போது இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

பெட்டியைப் பிரித்ததும் லீச்சைத் தேடினேன். பாதிதான் இருந்தார். கேன்வாஸை ஒன்றரை அங்குல மரச்சட்டத்தில் சுற்றி ஆணியடிக்கும்போது படத்தின் ஓரமும் பக்கவாட்டில் மடங்கிப் போகும். அதற்கென்று கூடுதல் விளிம்பு விடவில்லை. தோளும் ஒரு கையும் சட்டத்தின் பக்கவாட்டில். மதுவிலக்கை அமல்படுத்த வந்தவரே சுவரோரம் ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது.

அடுத்து நிறம். அசல் படங்கள் சுத்தமான கறுப்பு வெள்ளை. ‘விண்டேஜ்’ ஆக்குகிறோம் என்று மூன்றின் மேலும் பழுப்பு டிகாக்‌ஷனை ஊற்றியிருக்கிறார்கள். சின்ன ஃபைலை இரண்டடிக்கு இழுத்ததில் பூட்ஸ் பெண்ணின் விரல்கள் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டன. அந்தப் படத்தில் பார்க்க வேண்டியதே அந்த விரல்களையும் பிளாஸ்க்கையும்தான். கேட்டதற்கு, “டிசைன்படிதான் வந்திருக்கிறது” என்று 30 டாலர் மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். படங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. லீச் படமும் பூட்ஸ் படமும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, தெளிவு குறையாத பெரிய டிஃப் (TIFF) படக் கோப்பாக. லீச்சை இறக்கி, தெருமுனை பிரிண்ட் கடையில் கொடுத்து, “படத்தின் ஓரத்தைக் கண்ணாடி பிம்பம் போல நீட்டி, அந்த நீட்டலை மட்டும் பக்கவாட்டில் சுற்றுங்கள், பளபளக்காத மேட் பூச்சு போடுங்கள்” என்றேன். 68 டாலர். இப்போது லீச் முழுசாக நிற்கிறார். பளபளப்புப் பூச்சு வேண்டாம் என்று கடைக்காரர்தான் சொன்னார். பார் விளக்கு அதில் பட்டால் படத்துக்குப் பதில் பல்புதான் தெரியுமாம்.

பழைய கடையின் சட்டம் நல்ல பைன் மரம், அதைச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் புழுக்கத்தில் சிங்க் பக்கம் மாட்டிய ஊர்வலப் படம் லேசாகத் தொய்ந்தது. மூலையில் இருக்கும் மர ஆப்புகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன், விறைத்துக்கொண்டது. ஆனால் கேன்வாஸுக்கு மேலே கண்ணாடி கிடையாது என்பது நினைவிருக்கட்டும். ஒயின் தெறித்தால் தெறித்ததுதான்.

தீபாவளிக்கு வந்த மாமனார் புது லீச் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “ஏன் மாப்பிள்ளை, இப்படிக் கொட்டுறதைப் பார்த்துக்கிட்டேவா குடிப்பீங்க?” என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

பழைய பாதி லீச்சைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. லாண்டரி அறையில் மாட்டியிருக்கிறேன், வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் குழாய்க்கு நேர் மேலே.