சத்தத்தை வைத்து சிங்க் செய்வது: டாவின்சி ரிசால்வுடன் ஐந்து ஆண்டுகள்

பினாங்கில் கல்யாணம், அரங்கேற்றம், கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். மூன்று கேமரா, மேடையோரம் மிக்ஸரிலிருந்து நேரடியாகச் சத்தத்தை வாங்கிப் பதியும் ஒரு ஜூம் ரெக்கார்டர், அவ்வளவுதான் சாமான். நான்கின் பதிவும் நேரம் பிசகாமல் பொருந்தும்படி சேர்க்கும் வேலையை, அதாவது சிங்க் செய்வதை, ஐந்து ஆண்டுகளாக டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளிடம் விட்டிருக்கிறேன். முன்பு இதற்கென்றே விற்ற புளூரல்ஐஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி இருப்பதால் பிறகு அது தேவைப்படவில்லை.

கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கேமராவையும் ஒன்றாக அடுக்கும் மல்டிகேம் கிளிப் உருவாக்கச் சொல்லி, எதை வைத்துச் சேர்க்க வேண்டும் என்ற இடத்தில் 'சவுண்ட்' என்று கொடுத்தால் போதும். கேமராவின் சொந்த மைக்கில் பதிந்த சத்தத்தை ரெக்கார்டரின் சத்தத்தோடு ஒப்பிட்டு அதுவே இடம் பிடித்துக்கொள்ளும். அதனால் கேமரா மைக் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை உதவிக்கு வந்த தம்பி அதன் அளவைப் பூஜ்யத்தில் விட்டுவிட்டார். அந்தக் கல்யாணத்தை இரண்டு இரவு உட்கார்ந்து கையால் சேர்த்தேன்.

சாதாரண மண்டபக் கல்யாணத்துக்கு இது அருமையான கருவி. சேர்த்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது தாலி கட்டும் இடம். கெட்டிமேளத்தில் தவில் குச்சி தோலில் படும் ஃபிரேமும் (வீடியோவின் ஒரு தனிப்படம்) சத்தம் எழும் இடமும் ஒன்றாக இருந்தால் நிம்மதி.

ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் அரங்கேற்றம் தேவைப்பட்டது. ஜார்ஜ்டவுனில் பெரிய மண்டபம், மேல்மாடத்தில் ஒரு கேமரா. ரிசால்வ் எல்லாம் பொருந்திவிட்டது என்றது, திரையில் தெரியும் சத்தத்தின் அலை வடிவமும் (வேவ்ஃபார்ம்) அச்சாகப் பொருந்தியிருந்தது. நடன டீச்சர் பார்த்தவுடனே சொன்னார்: "தம்பி, மேலிருந்து எடுத்ததில் மட்டும் கால் முன்னாடி விழுது, சத்தம் பின்னாடி வருது."

அவர் சொன்னது சரி. நம் ஊர் வெப்பத்தில் சத்தம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் சத்தம் கடப்பது 14 மீட்டர். மேடையிலிருந்து 28 மீட்டர் தள்ளி இருக்கும் கேமரா காலை உடனே பார்க்கிறது, சலங்கையை இரண்டு ஃபிரேம் தாமதமாகக் கேட்கிறது. மென்பொருள் சத்தத்தோடு சத்தத்தைப் பொருத்தும்போது படம் இரண்டு ஃபிரேம் முந்திவிடுகிறது. மென்பொருளின் மேல் தவறே இல்லை, கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. இப்போது தூரத்தை முன்கூட்டியே எண்ணி வைத்து, 14 மீட்டருக்கு ஒரு ஃபிரேம் வீதம் அந்தக் கேமராவின் பதிவை டைம்லைனில் (கிளிப்புகளை நேர வரிசையில் அடுக்கும் பட்டையில்) வலப்பக்கம், அதாவது பின்னால், தள்ளிவிடுகிறேன். ஜதிக்கு இது உயிர். சாப்பாட்டுப் பந்திக்கு யாரும் கவனிக்கப் போவதில்லை.

அப்புறம் விலகல், அதாவது நேரம் போகப் போக சிங்க் நழுவுவது. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் ஓடுகிறது, இரண்டு கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. லட்சத்தில் இரண்டு பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி, கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். என் ரெக்கார்டருக்கும் பழைய கேமராவுக்கும் இடையே ஏறக்குறைய அதுதான் கணக்கு. தொடக்கத்தை மட்டும் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று முடிவு செய்தால் தில்லானாவில் மாட்டிக்கொள்வோம். ஆடியோவை இழுத்துச் சுருக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் கைதட்டல் வரும் இடத்தில் வெட்டி, ஒரு ஃபிரேம் நகர்த்திவிடுவேன். யார் காதிலும் விழாது.

ரிசால்வ் உண்மையிலேயே தடுமாறியது தைப்பூசத்தில்தான். தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் உறுமி மேளம், ஒரே அடி திரும்பத் திரும்ப. கேமரா மைக்கோ அந்தச் சத்தத்தைத் தாங்காமல் சிதைந்த ஒலியாகப் பதிந்திருக்கிறது. ஒப்பிட வேறுபாடே இல்லாததால் ஒரு கிளிப்பை ஒரு சுற்று தள்ளி ஒட்டிவிட்டது. இதுதான் ஆபத்தான தவறு, ஏனென்றால் பார்க்கச் சரியாகவே தெரியும்: குச்சி விழும்போது சத்தமும் விழுகிறது. பக்கத்தில் ஒருவர் "வேல் வேல்" என்று கத்தும் வாயைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அடுத்த ஆண்டு எல்லாக் கருவிக்கும் ஒரே நேரக் குறியை (டைம்கோட்) கொடுக்கும் டென்டக்கிள் சிங்க் பெட்டிகளை வாடகைக்கு எடுத்தேன். டைம்கோட் வாங்கும் வசதி இல்லாத கேமராவில் அதை மைக் வழியாக ஒரு சேனலில் பதியலாம், ரிசால்வ் படித்துக்கொள்ளும். கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வேலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மண்டப வேலைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

உறவினர்கள் அனுப்பும் கைப்பேசி வீடியோ தனித் தலைவலி. பல கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தை ஏற்றி இறக்கிப் பதிவதால் சிங்க் போகப் போக நழுவும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே சேர்க்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும், எல்லாக் கேமராவும் பார்க்க ஒருமுறை தட்டிச் சத்தம் எழுப்பும் பழைய கிளாப் முறையை நான் விடவில்லை. அரங்கேற்றமானால் திரை விலகியதும் மூன்று கேமராவும் நட்டுவனாரைப் பார்க்கும், அவர் தாளத்தை மூன்று முறை தட்டுவார். அந்த டீச்சர் இப்போதெல்லாம் "கேமரா எல்லாம் ஓடுதா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுகிறார்.