தலையில் மின்சாரம்: 14 மாத அனுபவம்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். மூன்று பக்கம் தாண்டினால் கண் வரியில் ஓடும், மனம் வேறெங்கோ போய்விடும். அதற்குத் தீர்வாகத்தான் டிடிசிஎஸ் கருவியை, அதாவது தலைக்கு வெளியிலிருந்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தி மூளையைத் தூண்டும் கருவியை, வாங்கினேன். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு மின்முனைகளை நெற்றியில் வைத்து, 1 முதல் 2 மில்லியாம்பியர் வரை நேர்மின்னோட்டம் செலுத்தும் சின்னப் பெட்டி அது.

முதல் அரை நிமிடம் எறும்பு ஊர்வதுபோல் அரிக்கும், அப்புறம் அடங்கிவிடும். சட்டென்று கம்பியைக் கழற்றினால் கண்ணுக்குள் ஒரு மின்னல் வெட்டும். பஞ்சு காய்ந்தால்தான் வம்பு. மின்னோட்டம் ஒரே புள்ளியில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். நான்காம் மாதம் என் நெற்றியில் நாணய அளவுக்குத் தோல் உரிந்தது. கூடவே வந்த குறிப்பேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பலன்? தொடக்கத்தில் பிரமாதம் என்றே நம்பினேன். கம்பி மாட்டிய 20 நிமிடமும் தாளோடு உட்கார்ந்துவிட்டால், ஒன்றரை மணி நேரம் வேலை ஓடியது. மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் மூளையில் அதன் விளைவு சில நிமிடம் நீடிப்பதை 2000-இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் நிட்ஷேவும் பவுலஸும் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர்கள் அளந்தது கைத்தசையின் துடிப்பை, கவனத்தை அல்ல என்பது அப்போது உறைக்கவில்லை. மின்னோட்டத்தில் பெரும்பகுதி தோலோடும் மண்டையோட்டோடும் போய்விடுகிறது என்பதும்தான்.

மனைவிக்குச் சந்தேகம். "ஓடுதா இல்லையான்னு உங்களுக்கே தெரியாம வெச்சுப் பார்க்கலாமே" என்றாள். ஆய்வகங்களில் போலித் தூண்டல் தருவதும் இப்படித்தான்: அரிப்பு வரும்வரை செலுத்திவிட்டு, ஓசைப்படாமல் நிறுத்திவிடுவார்கள். 40 நாள் அவள் காசு சுண்டி முடிவு செய்தாள்; பெட்டியைத் துணி போட்டு மூடினாள். தினமும் ஓடியதா இல்லையா என்று ஊகித்து எழுதினேன். 21 நாள் சரி. காசே என் அளவுக்குச் சொல்லியிருக்கும். எனக்குப் பின் பார்ப்பவர் கண்டுபிடித்த பிழைகளும் இரண்டு வகை நாள்களிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை.

ஆனால் கருவி வாங்குவதற்கு முந்தைய மாதங்களைவிட இரண்டுமே குறைவு. இதுதான் என்னை யோசிக்க வைத்தது. தலையில் கம்பி மாட்டியிருந்தால் எழுந்து போக முடியாது, கைப்பேசியை எட்ட முடியாது. முன்னால் இருந்த ஒரே தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, கம்பி இல்லாமலே உட்காரலாம் என்று பார்த்தால் முதல் இரண்டு வாரம் படுமோசம். எழுந்திருக்கலாம் என்று காலுக்குத் தெரிந்துவிடுகிறதே! கைப்பேசியை அடுத்த அறையில் வைத்து, 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டினேன். இப்போது 50 நிமிடம் நிற்கிறது. அதற்கு மேல் போக வரவில்லை.

மனச்சோர்வுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தரும் தூண்டல் வேறு கதை. அதைப் பற்றி நான் பேசவில்லை. வலிப்பு உள்ளவர்கள், தலைக்குள் உலோகம் பொருத்தியவர்கள் வீட்டில் இதைத் தொடவே வேண்டாம்.

மற்றவர்களை வாங்கச் சொல்வேனா? மாட்டேன். பெட்டி இழுப்பறையில் கிடக்கிறது. பஞ்சுகள் மட்டும் மேசை துடைக்க உதவுகின்றன.